ஊட்டியில் 'ஹிஸ்டரி டூர்' என்று கூப்பிட்டால் கொஞ்சம் யோசியுங்கள்

சீசனுக்கு ஊட்டி போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு டிராவல்ஸ்காரர், "ஃபுல் டே ஹிஸ்டரி டூர், எல்லா மியூசியமும் காட்டிடுவோம்" என்று பிடித்துக்கொண்டார். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பூங்கா, போட்டிங் எதுவும் அவருக்கு ஆகாது. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் அருங்காட்சியகம், கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களா, ஸ்டீபன் சர்ச் என்று இடங்களைச் சொல்லித்தான் 3,500 ரூபாய்க்குப் பேசினோம். 1,000 ரூபாய் முன்பணமும் போனில் அனுப்பியாயிற்று.

வண்டி கிளம்பியதுமே டிரைவர் ஆரம்பித்தார். "பாலாடா இன்னைக்கு லீவுங்க ஐயா." கோத்தகிரி ரோட்டில் மண் சரிவாம். அதற்குப் பதிலாக 'சாக்லேட் மியூசியம்', 'டீ மியூசியம்', 'தைல மியூசியம்'. சுவரில் நாலு பழைய போட்டோ, அதைத் தாண்டினால் கல்லாப்பெட்டி. தைலக் கடையில் பில் போடும்போது "எந்த வண்டிங்க?" என்று கேட்டு, ஓரத்தில் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். கமிஷன் கணக்கு! இந்தக் கேள்வி காதில் விழுந்தால் எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்துகொள்ளலாம்.

உருப்படியாகப் பார்த்தது சர்ச் மட்டும்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து, அந்த மரங்களைக் கொண்டுவந்து கட்டியது அது. அப்பா அண்ணாந்து உத்தரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே ஹாரன். பத்து நிமிடம்தானாம். சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் சும்மா நின்ற அதே வண்டி!

சாயங்காலம் லாட்ஜ் மேனேஜரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். பாலாடா அன்று திறந்துதான் இருந்திருக்கிறது. கோத்தகிரி பஸ்களும் நாள் பூராவும் ஓடியிருக்கின்றன. பணத்தைக் கேட்டால், "வண்டி ஓடுச்சுல்ல சார்" என்றார் டிராவல்ஸ்காரர். கொடுத்த ரசீதில் முகவரி கிடையாது. முன்பணம் போன கணக்கிலும் வேறு யாருடைய பெயரோ இருந்தது.

மறுநாள் அரசு பஸ்ஸில் கோத்தகிரி போய், அங்கிருந்து ஆட்டோவில் கன்னேரிமுக்கு. கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் 1819இல் மலையேறி வந்து முதலில் வீடு கட்டியது இங்கேதான். ஊட்டியின் கல் பங்களா அதற்குப் பிறகு, 1822இல் வந்தது. அப்பாவை அங்கே யாரும் அவசரப்படுத்தவில்லை.

டாக்சிதான் வேண்டும் என்றால் இடங்களையும் வண்டி நம்பரையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். 'இன்னைக்கு லீவு' என்றால், வண்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.