கடற்காற்றில் ஒரு கோரல் டேங்க்: எந்த லைட் தாங்கும்?

என் கோரல் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர். பாறையும் மணலும் போக 45 லிட்டர் தண்ணீர் நின்றால் பெரிது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏசி இல்லாத ஹாலில் இருக்கிறது. நான்கு வருடத்தில் அதன் தலைக்கு மேல் நான்கு விதமான லைட் தொங்கியாகிவிட்டது. அதில் ஒன்று, புதுச்சேரி முத்தியால்பேட்டை நண்பனிடம் கடன் வாங்கியது.

லைட்டுக்குப் போகும் முன் ஒரு விஷயம். வெளிநாட்டு வீடியோக்களில் அக்ரோபோரா, மாண்டிபோரா என்று காட்டி, 250, 300 பார் வேண்டும் என்பார்கள். பார் என்பது, கோரலின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி உணவு தயாரிக்க உதவும் ஒளியின் அளவு. ஆனால் அந்தக் கல் பவளங்கள் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கடல் விசிறி, ஆர்கன் பைப், நெருப்புப் பவளம் எல்லாம் அப்படித்தான். கடைக்காரர் "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றாலும் தொடாதீர்கள். நம் கைக்கு மிஞ்சுவது ஜோவா, மஷ்ரூம், லெதர், ஜீனியா மாதிரி மென்பவளங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 50 முதல் 150 பார் போதும். மஷ்ரூம் 50லேயே சொகுசாக இருக்கும். ஆக, ராட்சச லைட் விற்கிறவர் நம்மிடம் இல்லாத கோரலுக்கு லைட் விற்கிறார்.

மெட்டல் ஹேலைடை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 150 வாட் பல்ப், தனியாக ஒரு சோக். தண்ணீருக்குள் வெயில் நெளிகிற அழகை இதை மாதிரி வேறு எதுவும் தராது. நண்பன் மே மாதத்தில் மாட்டிக் காட்டினான். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் 2 டிகிரி ஏறியது. அறையே 34 டிகிரியில் இருக்கிற ஊரில், 26ல் இருக்க வேண்டிய தண்ணீரைச் சூடாக்க நாமே காசு கொடுப்பானேன்? தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். அன்று சாயங்காலமே கழற்றிவிட்டோம்.

உண்மையான போட்டி டி5 குழல் விளக்குக்கும், 'பிளாக் பாக்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் சீன எல்இடி பெட்டிக்கும்தான்.

டி5ல் என்னுடையது 24 வாட் குழல் நான்கு. மூன்று நீலம், ஒன்று வெள்ளை. நிழலே விழாது, அதுதான் இதன் பெரிய பலம். டேங்க்கின் முழு நீளத்துக்கும் ஒளி வருவதால் பாறையின் இடுக்கில் ஒட்டியிருந்த ஜோவாகூட நிமிர்ந்து நின்று பூத்தது. முதல் நாளே போட்டுவிட்டு மறந்துவிடலாம், கோரல் மிரளாது. குறை இரண்டு. ஒன்பது, பத்து மாதத்தில் குழல் தளர்ந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. ஜோவாவின் தண்டு வெளிச்சம் தேடி நீள ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது, குழல் கிடைக்காது. இங்கே எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் வீட்டுக்குப் போடும் நாலடி பட்டியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். நீலக் குழலுக்குச் சென்னை கொளத்தூர் வரை போய்வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் ஒன்று உடைந்தது.

பிளாக் பாக்ஸில் 165 வாட் என்று எழுதியிருக்கும். முழுசாகத் திருகி வைத்தும் என் மீட்டர் 120 வாட்டைத் தாண்டவில்லை. அதுவே இந்த டேங்க்குக்கு அதிகம். வெள்ளைக்கு ஒரு திருகு, நீலத்துக்கு ஒரு திருகு. நான் செய்த முட்டாள்தனம், முதல் நாளே இரண்டையும் கடைசிவரை திருகியது. மறுநாள் காலை மஷ்ரூம்கள் பத்து பைசா அளவுக்குச் சுருங்கி, ஓரம் மடங்கிக் கிடந்தன. ஜீனியா கரைந்தே போனது. அப்புறம் பழைய கொசுவலையை நாலாக மடித்து டேங்க் மேல் விரித்து, வாரத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்தேன். இப்போது தண்ணீருக்கு ஓரடி மேலே தொங்குகிறது. நீலம் பாதிக்குக் கொஞ்சம் மேல், வெள்ளை கால்வாசி. மொத்தம் 45 வாட்.

மின்கணக்கு போட்டால் வித்தியாசம் புரியும். தினம் ஒன்பது மணி நேரம் எரித்தால் டி5க்கு மாதம் 26 யூனிட், பிளாக் பாக்ஸுக்கு 12. இரண்டு மாத பில்லில் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பாதியை டி5 மட்டுமே தின்றுவிடும்.

எல்இடியின் குறை நிழல். லென்ஸ் வழியாக நேர்க்கோட்டில் இறங்கும் ஒளி, பாறை விளிம்புக்குக் கீழே எட்டாது. அங்கே இருந்த ஜோவா எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. கீழே மஷ்ரூம், மேலே லெதர் என்று இடம் மாற்றி வைத்துச் சமாளித்தேன். நீலம் இன்னொரு பிரச்சினை. அம்மாவுக்கு இன்றுவரை ஒப்பவில்லை: "ஏண்டா, வீடா இது, நாடகக் கொட்டகையா?"

ஒரு எச்சரிக்கை. போனில் இருக்கும் லக்ஸ் ஆப்பை வைத்து நீல எல்இடியை அளக்காதீர்கள். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. பச்சை கலந்த மஞ்சளுக்குத்தான் அதில் மதிப்பு அதிகம். நீலத்தைக் குறைத்துக் காட்டும், நீங்கள் மேலும் திருகுவீர்கள், மஷ்ரூம் சுருங்கும்.

போனிலோ தனிக் கன்ட்ரோலரிலோ விடியலும் அஸ்தமனமும் அமைக்கிற விலை உயர்ந்த ரகம் மூன்றாவது. ஏஐ (அக்வா இல்லுமினேஷன்) பிரைம் 16 எச்டி அதிகபட்சம் 59 வாட், கெசில் ஏ160 40 வாட். இரண்டடி டேங்க்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். நிறம் பிரமாதம். ஆனால் விலை பிளாக் பாக்ஸைப் போலப் பல மடங்கு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் எனக்குக் கை வராது. காரணம் உப்பு. டேங்க்கிலிருந்து தெறிப்பது ஒரு பக்கம், தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் காற்று ஒரு பக்கம். என் பிளாக் பாக்ஸின் ஃபேன் எட்டே மாதத்தில் துரு ஏறி நின்றது. கம்ப்யூட்டர் கடையில் 12 வோல்ட் ஃபேன் வாங்கி நானே மாற்றினேன். விலை உயர்ந்த லைட்டுக்குள் அப்படிக் கைவைக்க எனக்குத் தைரியமில்லை.

உப்பை நினைத்தால், யாரும் மதிக்காத நான்காவது ஆளுக்கு மரியாதை கூடுகிறது: வீட்டு வாசலுக்குப் போடும் 50 வாட் ஃப்ளட் லைட். மழைக்கே மூடி வைத்தது, ஃபேன் இல்லை, துருப்பிடிக்க உள்ளே வழியில்லை. வெள்ளை ஒன்று, திருவிழாவுக்குக் கட்டுகிற நீலம் ஒன்று, கொஞ்சம் உயரத்தில். மஷ்ரூமும் லெதரும் நன்றாகவே வளர்ந்தன. நிறம் மட்டும் வெளுத்த காவியாகத் தெரியும், கண்ணாடியில் பாசியும் சீக்கிரம் படியும். கையில் காசு இல்லாதவருக்கு, அரைகுறை பிராண்டு எல்இடியைவிட இதைத்தான் சொல்வேன்.

எதை மாட்டினாலும் அக்னி நட்சத்திரத்தில் நேரத்தை மாற்றிவிடுங்கள். நான் அப்போது மாலை நாலரைக்குப் போட்டு நள்ளிரவு ஒன்றரைக்கு அணைக்கிறேன். பகல் சூடும் லைட் சூடும் ஒன்றாகச் சேராது. இன்வெர்ட்டரில் லைட்டைக் கோர்க்க வேண்டாம், ஏர் பம்பைக் கோர்த்துவிடுங்கள். மென்பவளம் இரண்டு மூன்று நாள் இருட்டைத் தாங்கும், மூச்சு முட்டினால் ஒரு ராத்திரி தாங்காது. 2011 தானே புயலுக்குப் பிறகு இங்கே கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பிளாக் பாக்ஸிலேயே நின்றுவிட்டேன். டி5 ஃபிட்டிங்கை நண்பன் தன் செடி டேங்க்குக்கு வாங்கிக்கொண்டான். "நீலம் எனக்கு எதுக்கு மச்சான்" என்று குழல்களை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டான். மிச்சமிருந்த இரண்டும் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் கிடக்கின்றன.