சாட்டையும் புனித நீரும்: முதல் காசில்வேனியாவோடு சில வருடங்கள்

முதல் காசில்வேனியா வீடியோ கேமில், நாம் ஆட்டுவிக்கிற நாயகன் சைமன் பெல்மாண்ட் தரையிலிருந்து காலை எடுத்துவிட்டால் அப்புறம் உங்கள் கையில் ஒன்றுமில்லை. மரியோ மாதிரி நடுவானில் பின்பக்கம் இழுத்துப் பிழைக்கிற வேலை இங்கே நடக்காது. முன்னால் குதித்தால் அந்தத் தூரத்தை முழுசாகக் கடந்துதான் இறங்குவார். தரையில் நின்று சாட்டையை வீசினால், வீசி முடிக்கிறவரை நடை நின்றுபோகும். எதிரி மேலே பட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவார். அங்கே பள்ளம் இருந்தால் கதை முடிந்தது, உயிர்ப்பட்டை முழுசாக இருந்தாலும் சரி. இந்தக் கேமின் கஷ்டத்தில் முக்கால்வாசி இந்த மூன்று விதிகளிலிருந்துதான் வருகிறது. வருடக்கணக்கில் விட்டு விட்டு விளையாடியும் எனக்கு இது சலிக்காமல் இருப்பதற்கும் அவைதான் காரணம்.

கொனாமி நிறுவனம் இதை 1986 செப்டம்பரில் ஜப்பானில் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்காக, அதாவது நின்டெண்டோவின் ஃபாமிகாம் கேம் மெஷினோடு சேர்க்கிற டிஸ்க் கருவிக்காக, வெளியிட்டது. அங்கே பெயர் ‘அகுமாஜோ டிராகுலா’. அடுத்த வருடம் அமெரிக்காவுக்கு, ஃபாமிகாமின் அங்கத்திய வடிவமான என்இஎஸ் மெஷினின் கேசட்டாகப் போனபோது காசில்வேனியா ஆனது. ஜப்பானில் டிஸ்க்கிலேயே சேவ் செய்துகொள்ளலாம். கேசட்டில் அந்த வசதி போய்விட்டது. மெஷினை அணைத்தால் மறுபடி கோட்டை வாசலிலிருந்துதான். நம்மூரில் 90களில் டிவி கேம் வைத்திருந்தவர்களுக்குக் கொனாமி என்றால் கான்ட்ராதான். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம் என்று விற்றவற்றில், என் கண்ணில் பட்ட எதிலும் காசில்வேனியா இருந்ததில்லை. எனக்கு முதலில் கிடைத்தது கம்ப்யூட்டர் எமுலேட்டரில், அதாவது பழைய மெஷின் மாதிரி நடிக்கிற மென்பொருளில். ஒழுங்காக உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தது, 2019 மே மாதம் கொனாமி வெளியிட்ட ஆனிவர்சரி கலெக்‌ஷனை வாங்கிய பிறகு. எட்டு கேம் அடங்கிய தொகுப்பு அது. மற்ற ஏழையும் தொட்டுப் பார்த்தேன், சிலவற்றை முடித்தும் விட்டேன். திரும்பத் திரும்பப் போவது என்னவோ இந்த முதல் கேமுக்குத்தான்.

மொத்தம் 18 ஸ்டேஜ், மூன்று மூன்றாக ஆறு பகுதி. ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. ராட்சத வௌவால், மெடூசா, மம்மி ஜோடி, ஃப்ராங்கன்ஸ்டைன் உருவம், கையில் அரிவாளோடு மரணதேவன், கடைசியில் டிராகுலா. பழைய ஹாலிவுட் பேய்ப் படங்களின் கூட்டத்தை மொத்தமாகக் கூட்டி வந்து ஒரே கோட்டையில் குடிவைத்த மாதிரி. கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. உழைத்தவர்களின் உண்மையான பெயர் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் பேய்ப் படக்காரர்களின் பெயரைத் திரித்த கிண்டல். இசைக்கு ‘ஜேம்ஸ் பனானா’ என்று போட்டிருக்கிறார்கள். உண்மையில் இசையமைத்தவர்கள் கினுயோ யாமாஷிதாவும் சடோயே டெராஷிமாவும்.

முதல் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சும்மா நடந்து வரும் பிணங்கள், திடீரென்று பாயும் சிறுத்தை, தண்ணீரிலிருந்து எழும்பும் மீன் மனிதர்கள். மெழுகுவர்த்தியை அடித்தால் இதயம் விழும். பார்த்ததும் உயிர் ஏறும் என்றுதான் தோன்றும், ஆனால் அது கத்தி, புனித நீர் மாதிரி எறிகிற துணை ஆயுதத்துக்கான தோட்டாக் கணக்கு. உயிர் ஏற வேண்டுமென்றால் சுவரை உடைத்து உள்ளே இருக்கும் இறைச்சியைத் தின்ன வேண்டும். நூறு வருடமாகச் சுவருக்குள் கிடந்த கறியைத் தின்றால் உடம்பு தேறுமா என்றெல்லாம் கேட்கக் கூடாது. முதல் பகுதி முடியும்போது, என்ன பெரிய கஷ்டம் என்ற நினைப்பு வரும். இரண்டாவதில் மேலும் கீழும் இடிக்கிற முள் அழுத்திகளும், பாம்பு நெளிகிற மாதிரி அலையலையாகப் பறந்து வரும் மெடூசா தலைகளும் அந்த நினைப்பைக் கழற்றி வைத்துவிடும்.

மூன்றாவதும் நான்காவதும் எனக்கு இப்போது கை போன போக்கில் போகிற இடங்கள். கழுகு தூக்கி வந்து போடுகிற கூனன் மட்டும் எந்தப் பக்கம் துள்ளுவான் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. அவனைப் பார்த்தால் நின்ற இடத்தில் உட்கார்ந்து, கிட்டே வரவிட்டு அடிப்பதுதான் என் வழக்கம். ஓடினால் அடி நிச்சயம்.

ஐந்தாம் பகுதி வேறு. இதை வைத்துத்தான் இந்தக் கேமை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. உயிர்ப்பட்டையில் 16 கட்டம். ஆரம்ப ஸ்டேஜ்களில் ஒரு அடிக்கு இரண்டு கட்டம் போகும், நடுவில் மூன்று, 13ஆம் ஸ்டேஜிலிருந்து நான்கு. அதாவது நான்கு அடி வாங்கினால் சைமன் காலி. அந்த நிலைமையில் 15ஆம் ஸ்டேஜில் ஒரு நீளத் தாழ்வாரம் வரும். இரும்புக் கவசம் போட்ட கோடரி வீரர்கள் இரண்டு பேர், முன்னால் இரண்டடி வைப்பதும் பின்னால் போவதுமாக வழியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். எறிகிற கோடரி சிலசமயம் தலை மட்டத்தில் வரும், சிலசமயம் கால் மட்டத்தில். போன கோடரி திரும்பியும் வரும். ஒரு வீரனை விழவைக்கச் சாட்டையடி நிறைய வேண்டும். இவ்வளவும் போதாதென்று மெடூசா தலைகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். கோடரிக்காகக் குதித்தால் தலை இடிக்கும், தலைக்காகக் குனிந்தால் கோடரி காலில் விழும். இதைத் தாண்டிய மூச்சோடு மரணதேவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவனிடம் செத்தால் மறுபடி தாழ்வாரம்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: விரல் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். அது வேலைக்கு ஆகவில்லை. வழி இருப்பது புனித நீர்க் குப்பியில். எறிந்ததும் தரையில் விழுந்து கொஞ்ச நேரம் எரியும். அந்தத் தீயில் மாட்டியவன் அசைய முடியாது, எரிகிறவரை அடி விழுந்துகொண்டே இருக்கும். கூடவே II அல்லது III என்று போட்ட கூடுதல் சக்தியையும் வைத்திருந்தால் ஒன்று அணைவதற்குள் அடுத்ததை எறியலாம். கோடரி வீரன் காலடியில் ஒரு குப்பி, கிட்டே போய் நாலு சாட்டை, மேலே வரும் தலைக்கு ஒரு அடி, அடுத்த குப்பி. இப்படிப் போனால் தாழ்வாரம் கணக்கு மாதிரி ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. மரணதேவன் விஷயத்தில் இதைவிடக் கூத்து. கண்ட இடத்தில் அரிவாள்களை முளைக்கவைத்து ஆளை ஓடவிடுகிற அந்தப் பாஸை, மூன்று குப்பி சக்தியோடு போனால் நின்ற இடத்திலேயே தீயில் மாட்டிவைத்து முடித்துவிடலாம். அவன் ஒரு அடி நகர மாட்டான்.

ஆனால் அந்தக் குப்பியை அங்கே வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உண்மையான பரீட்சை. வழியில் ஒருமுறை செத்தாலும் துணை ஆயுதம் போய்விடும், வழியில் நீளமாக்கி வைத்திருந்த சாட்டை மறுபடி குட்டைச் சாட்டையாகிவிடும். சாகாமல் வந்தாலும் வேறு ஆபத்து இருக்கிறது. ஏதோ ஒரு மெழுகுவர்த்தியை அடிக்க, அதிலிருந்து கத்தி விழ, நடக்கிற வேகத்தில் அதன்மேல் கால் பட்டால் புனித நீர் போய்க் கையில் கத்தி. இதயத்துக்கு ஆசைப்பட்டு எல்லா விளக்கையும் அடிக்கிறவனுக்கு இது கட்டாயம் நடக்கும். எந்த மெழுகுவர்த்தியைத் தொடக் கூடாது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். நடுவில் மாதக்கணக்கில் தொடாமல் விட்டு மறுபடி எடுத்தாலும் அந்தப் பாடம் மறப்பதில்லை. விரல்தான் ஒரு மாலைப்பொழுது தடுமாறும்.

அதனால்தான் சேவ் ஸ்டேட் பற்றி எனக்கு ஒரு திட்டமான கருத்து உண்டு. தொகுப்பில் நினைத்த இடத்தில் சேவ் செய்துகொள்ளலாம், ஆட்டத்தைப் பின்னால் ஓட்டுகிற ரீவைண்ட் கிடையாது. பத்தடிக்கு ஒருதரம் சேவ் செய்து டிராகுலா வரைக்கும் போய்விடலாம்தான். ஆனால் அப்படிப் போகிறவர் மெலிந்த சாட்டையோடும் எடுத்தவாக்கில் கிடைத்த ஆயுதத்தோடும் போய்ச் சேருவார், அதனால் கேம் அநியாயம் என்று தோன்றும். ஆரம்பத்தில் குப்பியைக் காப்பாற்றி வந்தால் பின்னால் அது உங்களைக் காப்பாற்றும் என்கிற கணக்கே அங்கே உடைந்துபோகிறது. நான் சேவைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். தாழ்வாரத்துக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொண்டு, அலுக்கிறவரை பழகி, அப்புறம் முதலிலிருந்து சேவ் இல்லாமல் ஒரு ஆட்டம். கன்டினியூவுக்கு இந்தக் கேமில் எல்லையே இல்லை என்பதால் அது ஒன்றும் வீரச் செயலும் இல்லை. உயிரெல்லாம் தீர்ந்தால் அந்தப் பகுதியின் தொடக்கத்துக்குப் போவீர்கள், அவ்வளவே. கை பழகியவருக்கு முழு ஆட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற சமாச்சாரம். கஷ்டம் வேண்டாம் என்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். கொனாமியே 1993இல் ஜப்பானில் கேசட்டாக மறுபடி வெளியிட்டபோது ஈஸி மோட் சேர்த்துத்தான் விட்டார்கள்.

டிராகுலாவுக்கு வருவோம். போர்வையை விரித்து மூன்று நெருப்புருண்டை விடுவான், பிறகு மறைந்து வேறு இடத்தில் வருவான். அடி தலையில் மட்டும்தான் ஏறும். உருண்டையைத் தாண்டுகிற குதியிலேயே தலைக்கும் சாட்டை போய்ச் சேர வேண்டும். தூரம் ஒரு அடி தப்பினால் இரண்டில் ஒன்று தப்பும். இந்தத் தாளம் பிடிபட்ட பிறகு முதல் உருவம் பயமில்லை. தலை பறந்து, பெரிய மிருகமாக எழுந்து வருகிற இரண்டாம் உருவத்துக்கு மறுபடி புனித நீர்தான் மருந்து. ஒரு நல்ல விஷயம், உயிர் மிச்சமிருந்தால் டிராகுலாவிடம் செத்ததும் அவன் அறைக்குப் போகிற படிக்கட்டிலேயே விடுவார்கள்.

படிக்கட்டு என்றதும் என் தீராத மனத்தாங்கல் ஞாபகம் வருகிறது. குதித்துப் படியில் ஏற முடியாது, படியிலிருந்து குதிக்கவும் முடியாது. மேலிருந்து இறங்கும்போது முனையைச் சரியாகப் பிடிக்காமல் நடந்துவிட்டால், கண்ணெதிரே படி இருக்க அதைத் தாண்டி அப்படியே பள்ளத்தில் விழுவார் சைமன். இன்னொன்று, மேல் அம்பும் சாட்டைப் பட்டனும் சேர்ந்தால் துணை ஆயுதம். படி ஏறவும் மேல் அம்புதான். ஏறிக்கொண்டே வௌவாலை அடிக்க நினைத்தால் சாட்டைக்குப் பதிலாகக் குப்பி பறக்கும், இதயம் வீணாகும். இவற்றை நான் கஷ்டம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை, குறை என்றே சொல்வேன். எதிரிகள் ஒரே வரிசையில் கூடினால் உருவங்கள் மினுக்குவதும் அப்படித்தான். அந்தக் கால மெஷினால் ஒரு கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுக்கு (உருவங்களைக் கட்டுகிற சின்னப் படத்துண்டுகள்) மேல் காட்ட முடியாது, அதனால் மாற்றி மாற்றிக் காட்டும். தொகுப்பிலும் அந்த மினுக்கலை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

வாங்கி விளையாட நினைப்பவர்களுக்கு இரண்டு நடைமுறை விஷயம். ஒன்று டிவி. படத்தை மெருகேற்றுகிற வேலைகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் பட்டனுக்கும் சாட்டைக்கும் நடுவில் ஒரு மந்தம் வரும். ஏற்கெனவே மெதுவான சாட்டை, இதுவும் சேர்ந்தால் மெடூசா தலையை அடிக்கவே முடியாது. கேம் மோடில் போட்ட பிறகுதான் என் டிவியில் இரண்டாம் பகுதி உருப்படியாக நகர்ந்தது. இன்னொன்று கன்ட்ரோலர். குமிழ் ஸ்டிக்கில் இதை விளையாடவே கூடாது, பழைய மாதிரி டி-பேட், அதாவது நாலு திசை அம்புப் பட்டன், வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவுக் கன்ட்ரோலரில் பக்கவாட்டில் அழுத்தினால் மேல் அம்பும் சேர்ந்தே பதிந்தது. மேலே சொன்ன குப்பி விவகாரம் படிக்கட்டே இல்லாத இடத்திலும் நடந்தது. தனித்தனிப் பட்டனாக டி-பேட் உள்ள ஒன்றுக்கு மாறியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு பல்ஸ் அலை, அடித்தளத்துக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஒரு இரைச்சல். அந்த மெஷினின் ஒலிக்குக் கைவசம் இருந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூன்றாம் பகுதியின் ‘விக்கெட் சைல்ட்’ மெட்டில் அந்தக் கீழ்க்குரல் ஓடுகிற ஓட்டத்தை ஹெட்போனில் கேளுங்கள், டிவி ஸ்பீக்கரில் பாதி காணாமல் போகிறது. ஐந்தாம் பகுதியில் திரும்பத் திரும்பச் சாகிறவனுக்கு வேறு கேமாக இருந்தால் அந்தப் பாட்டின் மேலேயே வெறுப்பு வந்திருக்கும். இங்கே ‘ஹார்ட் ஆஃப் ஃபயர்’ இன்னும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

டிராகுலாவை முடித்தால் கேம் முடிவதில்லை, மறுபடி வாசலுக்கே கொண்டுவந்து விடும். இந்த இரண்டாம் சுற்றில் தொடக்கத்திலேயே கூடுதல் எதிரிகள், முதல் அடியிலிருந்தே நான்கு கட்டம் போகும். எனக்குத் தெரிந்த பாதை பாதி செல்லாது, சும்மா நடந்து போன கூடத்தில்கூட இப்போது நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம்தான் அதில் மெடூசாவைத் தாண்டினேன். மம்மி ஜோடியிடம் குப்பி இல்லாமல் போய்ச் சேர்ந்தேன், அங்கேயே நிற்கிறது.