கோட்டை பார்க்க மெம்பர்ஷிப் கார்டு விற்கிறார்கள், உஷார்!

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பொருட்காட்சியிலும் ஜவுளிக்கடை வாசலிலும் பரிசுக் கூப்பன் எழுதிப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கூப்பன் போட்ட கொஞ்ச நாளில், "பரிசு விழுந்திருக்கு மேடம், சாரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று போன் வரும். போனால் ஓட்டல் ஹாலில் உட்காரவைத்து, காபி கொடுத்து, பாரம்பரியச் சின்னங்களைப் பார்க்க ஆண்டு மெம்பர்ஷிப் என்று பேச ஆரம்பிப்பார்கள். இன்றைக்கே சேர்ந்தால்தான் சலுகையாம். எங்களிடம் ஐயாயிரம் ரூபாய் வாங்கினார்கள். பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதன் மூடிகூடச் சரியாக உட்காரவில்லை.

குடும்பத்துக்கே இலவச அனுமதி, வரிசையில் நிற்க வேண்டாம், கூடவே கைடு, பழைய பங்களா ஒன்றில் ஒரு இரவு தங்கல். இவ்வளவும் அந்தக் கார்டில் உண்டு என்றார்கள்.

லீவில் அக்கா பிள்ளைகளோடு தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்குப் போனோம். டிக்கெட் கொடுப்பவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்க எழுத்து, கோட்டைப் படம், பளபளவென்றுதான் இருந்தது. "இது தொல்லியல் துறை கோட்டைம்மா. தனியார் கார்டெல்லாம் செல்லாது. இதைத் தூக்கிக்கிட்டு நிறையப் பேர் வர்றாங்க" என்றார். சரி என்று டிக்கெட் வாங்கினோம், அதுவும் சொற்பக் காசுதான்.

நாலைந்து தடவை போன் அடித்தபிறகு கைடு வந்தார். வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி, ராபர்ட் கிளைவ் என்று அடித்துவிட்டார். உண்மையில் அது 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. ஆங்கிலேயர் கைக்கு விலைக்குப் போனதே 1845இல்தான். எட்டாவது படிக்கிற அக்கா பெண் இதைச் சொல்லிக் கேட்டதும், "எல்லாம் ஒண்ணுதான் பாப்பா" என்றார். கிளம்பும்போது தலையைச் சொறிந்துகொண்டு தனியாக ஐந்நூறு கேட்டார்.

வீட்டுக்கு வந்து கார்டின் பின்பக்கப் பட்டியலை நிதானமாகப் படித்தேன். இலவச அனுமதி உள்ள இடங்கள்: தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம்... இந்த மூன்றுக்கும் யாருக்குமே நுழைவுக் கட்டணம் கிடையாது! செருப்பை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். ஊரான் வீட்டு நெய்யை நமக்கே விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

ஆளை விழவைப்பது அந்த பங்களா தங்கல்தான். எப்போது கேட்டாலும் சனி, ஞாயிறு இல்லை, பண்டிகை நாள் இல்லை, மற்ற நாளெல்லாம் ஃபுல். விடாமல் கேட்டால் "மெயின்டனன்ஸ் சார்ஜ் கட்டுங்க மேடம், அப்புறம் தேதி தர்றோம்" என்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபிறகு போனை எடுப்பதே இல்லை.

மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். அதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கார்டு, கையெழுத்துப் போட்ட தாள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பில் மெயிலில் வரும் என்று சொன்னால் எழுந்திருக்காமல் அங்கேயே கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அந்த மெயில் இன்னும் வரவில்லை.