அகதிக் கோரிக்கைக்கான ஆவணங்களை மொழிபெயர்க்க மட்டக்களப்பில் ஓர் இடம்

ரொறன்ரோவில் அகதிப் பாதுகாப்புக் கோரியிருக்கும் என் தங்கையின் குடும்பத்துக்காகப் பதினேழு ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மட்டக்களப்பு திருமலை வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருமான ஒருவர் நடத்தும் சிறிய நிலையத்தில் அந்த வேலையை ஒப்படைத்தேன். கோரிக்கை இன்னும் முடிவாகாததால் நிலையத்தின் பெயரையும் எவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. அந்தப் பக்கம் விசாரித்தால் 'இங்கிலீஷ் சேர்ட கடை' என்று வழி காட்டுவார்கள்.

அவரிடம் போவதற்கு முன் வேறோர் இடத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்தவர் ஆவணக் கட்டை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "கதை கொஞ்சம் மெலிவா இருக்கு, நாங்க பலப்படுத்தித் தாறம்" என்றார். கட்டணமும் அதற்கேற்ப இரட்டிப்பு. அகதிக் கோரிக்கை எப்படி மதிப்பிடப்படுகிறது என்பதைச் சிறிதளவேனும் அறிந்தவர் இப்படிச் சொல்லமாட்டார். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும் என்பதே 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் கேட்பது. கனடாவில் விண்ணப்பதாரர் சத்தியம் செய்து சொல்வதை, ஐயப்படக் காரணம் இல்லாத வரையில், உண்மையென்றே கொள்ள வேண்டும் என்பது 1979 இல் மல்டொனாடோ வழக்கில் வந்த தீர்ப்பு. ஆனால் விமான நிலையத்தில் சொன்னது, கோரிக்கையின் அடிப்படைப் படிவத்தில் எழுதியது, ஆவணத்தில் உள்ளது, விசாரணையில் வாயால் சொல்வது ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்பதால், பலப்படுத்திய கடதாசி அந்த ஐயத்துக்கு நாமே கையெழுத்திட்டுக் கொடுக்கும் காரணமாகிவிடும்.

சேர் செய்த வேலையில் என்னை அசர வைத்தது ஒரே ஒரு வினைச்சொல். தங்கையின் மாமியார் 1990 இல் தன் மூத்த மகனைப் பற்றி அரசாங்க அதிபருக்கு எழுதிய முறைப்பாட்டின் கார்பன் பிரதி ஒன்று எங்களிடம் இருந்தது. கல்லடி வீட்டோடு மற்றக் கடதாசிகளெல்லாம் 2004 இல் கடலோடு போய்விட, இது மட்டும் ஆரையம்பதியில் உறவினர் வீட்டுப் பெட்டியில் கிடந்து தப்பியது. அதில் "விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்" என்று இருந்தது. 'கடத்தினார்கள்' என்று போட்டால் அழுத்தமாக இருக்குமே என்று நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, அந்த அம்மா அண்டைக்கு எழுதினது 'கூட்டிக்கொண்டு போன' எண்டு. கைது எண்டா ஆர் கைது செய்த, எந்தச் சட்டம் எண்டு கேப்பாங்க. கடத்தல் எண்டா அவவே ஏன் அப்பிடி எழுதல்ல எண்டு கேப்பாங்க" என்றார். கூட்டிச் சென்றதை மட்டும் குறிக்கும் எளிய ஆங்கிலச் சொல்லையே எழுதினார்.

கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதத்திலும் இதே பிடிவாதம். குடும்பம் ஆறு மாதம் கொழும்பை அடுத்த வத்தளையில் இருந்ததாக அதில் ஒரு வரி உண்டு. நாட்டுக்குள்ளேயே வேறு இடத்தில் பாதுகாப்பாக வாழ முடியாதா என்ற கேள்வி விசாரணையில் வரும் என்று பயந்து, அந்த வரியை விட்டுவிடும்படி மச்சான் தொலைபேசியில் கெஞ்சினார். ஆவணத்தை முழுதாக மொழிபெயர்ப்பது, இல்லாவிட்டால் தொடாமல் விடுவது என்று சேர் மறுத்துவிட்டார். பிறகு பேசிய சட்டத்தரணியும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே தவிர அதை ஒளிக்கக் கூடாது என்றே சொன்னார்.

தட்டச்சு செய்யும் பிள்ளை தங்கையின் பிறந்த தேதியை மார்ச் 12 என்பதற்குப் பதிலாக 21 என்று அடித்திருந்தார். பதினேழு ஆவணங்களில் நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். சேர் அடையாள அட்டை இலக்கத்தில் விரலை வைத்தார். பிறந்த ஆண்டைக் குறிக்கும் 84க்கு அடுத்து, பிறந்த நாளைக் குறிக்கும் 572. பெண்களுக்குக் கூட்டப்படும் 500ஐக் கழித்தால் ஆண்டின் 72ஆம் நாள். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே கணக்கிடுவதால் அது மார்ச் 12. பிழையைக் கண்டுபிடித்த விதம் அழகானது என்றாலும், அப்படிப்பட்ட பிழை கடைசி வாசிப்பு வரை வந்திருக்கக் கூடாது.

குறைகள் அத்தோடு முடியவில்லை. மூன்று நாளில் தருவதாகச் சொன்னது ஒன்பது நாளானது. கனடாவில் ஆவணங்களை விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்பதால், அந்த ஒன்பது நாளும் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. முத்திரை மட்டும் குத்தித் தந்த முதல் கட்டைச் சட்டத்தரணி திருப்பி அனுப்பினார். மொழிபெயர்ப்பாளரின் பெயர், எந்த மொழியிலிருந்து பெயர்த்தார் என்பது, மொழிபெயர்ப்பு சரியானது என்ற கூற்று, கையொப்பம் ஆகியவை அடங்கிய அறிக்கையும் கனடாவுக்கு வேண்டும். இத்தனை வருட அனுபவம் உள்ளவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சொன்ன அன்று மாலையே பணம் எடுக்காமல் செய்து தந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்துக்கு 1,500 ரூபா வாங்கினார். குறைவான தொகை அல்ல.

போகிறவர்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் மறக்காமல் கொண்டு போங்கள். கனடாவில் குடும்பத்தின் கோரிக்கைகளைச் சேர்த்து விசாரித்தாலும் படிவம் ஆளுக்கொன்று என்பதால், தகப்பனின் கடதாசிகள் மட்டும் போதாது. வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினால் அவர் ஏற்பதில்லை. மூலத்தைக் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் கட்டைத் திருப்பித் தந்தபோது, அந்த 1990 ஆம் ஆண்டுப் பிரதியை மட்டும் பழைய மடிப்பில் மடிக்காமல், இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே விரித்து வைத்திருந்தார்.