பழைய தளத்துக்குள் புதிய வலைப்பூ: உட்கோப்புறையில் வேர்டுபிரஸ்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சந்தூர்ப் பக்கத்து மா நாற்றுப்பண்ணை ஒன்றின் இணையதளம் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களால் ஆனது. அதன் விலைப்பட்டியலைத் தொடாமல், வளர்ப்புக் குறிப்புகளை மட்டும் வெளியிடுவதற்காக, 'ப்ளாக்' என்ற உட்கோப்புறையில், வலைப்பூ நடத்த உதவும் வேர்டுபிரஸை நிறுவினோம். 2003-இல் வெளிவந்த இந்த விலையில்லா மென்பொருள் அந்த வேலைக்கு முற்றிலும் ஏற்றது என்பதே என் கருத்து. ஆனால் அமைப்புகளை அப்படியே விட்டுவிட முடியாது.

பொது அமைப்புகளில் இரண்டு முகவரிகள் உள்ளன. வேர்டுபிரஸ் முகவரி கோப்புகள் இருக்கும் இடத்தையும், தள முகவரி வாசகர் வந்து சேரும் இடத்தையும் குறிக்கின்றன. வலைப்பூ உட்கோப்புறையிலேயே திறக்க வேண்டுமானால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தளத்தின் முகப்பிலேயே திறக்க வேண்டுமானால், தள முகவரியிலிருந்து கோப்புறைப் பெயரை நீக்கி, வேர்டுபிரஸைத் தொடங்கிவைக்கும் இண்டெக்ஸ் பிஎச்பி கோப்பின் நகலைத் தளத்தின் மூலக் கோப்புறையில் வைத்து, அதிலுள்ள பாதையைத் திருத்த வேண்டும். நல்ல ஏற்பாடுதான்; எனினும் இங்கே ஓரெழுத்து பிசகினாலும் நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். இரு முகவரிகளையும் வேர்டுபிரஸின் அடிப்படை அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் எழுதிவிட்டால், திரையில் அந்தப் பெட்டிகள் பூட்டப்பட்டுவிடும் என்பதால், பலர் கைவைக்கும் தளங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் உரிய நிலையான முகவரியான நிரந்தர இணைப்புக்குத் தேவைப்படும் விதிகளை, அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் படிக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் எழுத அனுமதி இருந்தால், வேர்டுபிரஸே உட்கோப்புறைக்குள் எழுதிக்கொள்கிறது. தொல்லை தமிழ்த் தலைப்புகளில்தான் வருகிறது. தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் இணைப்பில் 9 எழுத்துகளாக விரிய, வேர்டுபிரஸ் 200 எழுத்துகளுடன் வெட்டிவிடுகிறது. புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக்குறிகளாகவே எண்ணப்படுவதால் 22 குறிகளுக்கு மேல் இடமில்லை. 'பெங்களூரா மாங்கன்றுக்கு உரமிடும் முறை' என்று தலைப்பிட்டால் இணைப்பு 'மாங்கன்றுக்கு' என்பதோடு நின்றுவிடும். அடுத்து 'பெங்களூரா மாங்கன்றுக்கு நீர் பாய்ச்சும் முறை' என எழுதினால், ஏறக்குறைய அதே இணைப்பு 2 என்ற எண்ணுடன் வரும். எது உரம், எது நீர் என்று இணைப்பைப் பார்த்துச் சொல்ல இயலாது. இரண்டு மூன்று சொற்களில் இணைப்பை நாமே எழுதிவிடுவது உத்தமம். தமிழைத் தாங்குவதாகச் சொல்லும் மென்பொருளில் இந்தக் குறை இன்னும் நீடிப்பது எனக்கு உவப்பாக இல்லை.

எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை, அவை டொமைனின் மூலத்தில் மட்டுமே தேடும். உட்கோப்புறையில் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பை அவை பொருட்படுத்துவதில்லை. ஆகவே வலைப்பூவின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பின் முகவரியைப் பழைய தளத்தின் ரோபோட்ஸ் கோப்பில் கையால் சேர்த்துவிட வேண்டும்.