லேப்டாப் சர்வீஸா, வெப்சைட்டா, டெம்ப்ளேட்டா? முடக்குவாதத்தோடு வீட்டிலிருந்தே தொழில்

ருமட்டாய்டு முடக்குவாதம் உள்ளவர் வீட்டிலேயே கணினித் தொழில் தொடங்க மூன்று வழிகள் கைக்கெட்டும்: லேப்டாப் சர்வீஸ், கடைகளுக்கு வெப்சைட், எக்செல் டெம்ப்ளேட் (விவரம் நிரப்பினால் போதும் என்று தயாராக உள்ள கணக்குத் தாள்) விற்பனை. எதில் காசு கூடுதல் என்பதை அப்புறம் பார்க்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாத நாளில் எந்த வேலை நமக்காகக் காத்திருக்கும்? முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சர்வீஸில் காசு அன்றன்றே வரும். எஸ்எஸ்டி போடுவது, ரேம் கூட்டுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் கை பழகினால் அரை மணி நேர வேலை. ஆனால் இந்த நோயில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அந்த விரல்களோடு கீபோர்டு ரிப்பன் கேபிளைக் கழற்றப் போனால், அரிசி மணி அகலம்கூட இல்லாத பூட்டு மடல் பட்டென்று உடையும்; பிறகு போர்டில் கனெக்டரையே மாற்ற வேண்டியதுதான். கை இளகும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். ஸ்கிரீன் வாங்கும்போது பழைய பேனலின் பின்புறமுள்ள மாடல் எண்ணைக் கொடுங்கள். 30 பின் கனெக்டருக்கு 40 பின் பேனல் வந்தால் பொருந்தாது. டிஸ்க்கைக் கழற்றுமுன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயைக் கேட்டு வாங்குங்கள். சாலிடரிங் மட்டும் வேண்டவே வேண்டாம். ஈயம் ஒட்டுவதற்குப் பயன்படும் ஃப்ளக்ஸின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். இந்த நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் சிலருக்கு நுரையீரலில் அழற்சி தரும். இருமல் வந்தால் காரணம் எதுவென்று பிரிப்பதே பெரும்பாடு. இதையெல்லாம் சமாளித்தாலும், வாடிக்கையாளர் தன் லேப்டாப்பை நாளைக்கே கேட்பார்.

வெப்சைட் வேலை அந்த அளவுக்கு நெருக்காது. நான்கு நாளில் முடியும் வேலைக்குப் பத்து நாள் சொல்லுங்கள், பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். மாதப் பராமரிப்புக்கு "48 மணி நேரத்துக்குள் பதில்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர் இடம்) இரண்டும் கடைக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது புதுப்பிக்கும் தேதி தாண்டினால் அவருடைய தளமே நின்றுவிடும். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுங்கள், அப்டேட்டை வெள்ளிக்கிழமை மாலை போடாதீர்கள். விரல் வலிக்கும் நாளில் விண்டோஸ் விசையோடு எச் அழுத்தினால் ஆங்கிலத்தில் பேசியே எழுதலாம். தமிழுக்கு கூகுள் டாக்ஸ் இருக்கிறது.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

டெம்ப்ளேட்டுக்குக் கெடுவே இல்லை, உடம்புக்கு இதுதான் சுகம். ஆனால் முதல் விற்பனைக்கே மாதங்கள் ஆகலாம், மாத்திரைச் செலவு அதுவரை பொறுக்காது. அதனால் வெப்சைட் பராமரிப்பில் தொடங்கி, கடைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பில் புத்தகம், ஸ்டாக் கணக்கு ஆகியவற்றையே பிறகு டெம்ப்ளேட்டாக்குங்கள். அதில் எக்ஸ்லுக்கப் (பட்டியலில் தேடி எடுக்கும் ஃபார்முலா) போடாதீர்கள். எக்செல் 2019இலும் அதற்கு முந்தையவற்றிலும் அது பிழைதான் காட்டும், அந்தப் புகார்களுக்குப் பதில் எழுதியே விரல் வீங்கும். அதே வேலையைச் சேர்ந்து செய்யும் இண்டெக்ஸ், மேட்ச் இரண்டும் பழைய எக்செலிலும் ஓடும்.