அணை மட்டம், மழை அளவு, ஊர்ப் பட்டியல்: அரசுத் தரவோடு பல வருஷப் பழக்கம்

அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்றுக்காக, அரசு வெளியிடும் தரவுகளை வெகுநாளாகத் தொகுத்து வருகிறேன். தாமிரபரணி அணைகளின் தினசரி மட்டம், மழை அளவு, கிராம வாரியான பட்டியல்கள் ஆகியவைதான் முக்கியமானவை. கார் நெல் பருவத்துக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்களா, அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு நாற்றுப் பாவலாமா என்று கேட்பவர்களுக்கு இவற்றைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம். தரவு கிடைப்பதில் எனக்குப் பெரிய குறை கிடையாது. கிடைத்த எண் எதைச் சொல்கிறது என்ற விவரம் கூடவே வராததுதான் என் நேரத்தைத் தின்கிறது.

அணை மட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முழு மட்டம் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. இது எங்கள் பக்கம் டீக்கடையிலேயே தெரிந்த கணக்கு. பட்டியலிலும் அடிதான் வரும். ஆனால் பாபநாசமும் மணிமுத்தாறும் நிறைந்தால் பிடிக்கிற தண்ணீர் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே சுமார் 5,500 மில்லியன் கன அடி. அடியை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர் சேர்வலாறுதான் பெரிய அணை என்று நினைப்பார். மூன்றில் சின்னது அதுதான், அதுவும் சுரங்கவழியாகப் பாபநாசத்தோடு இணைந்தது. அடிக்குப் பக்கத்தில் கொள்ளளவுக்கு ஒரு பத்தி (நெடுவரிசை), கீழே இந்த இணைப்பைப் பற்றி ஒரு வரி இருந்தால் போதும். எண்ணைப் பற்றிய இந்த விவரம்தான் மெட்டாடேட்டா, இவ்வளவுதான். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

மழைக் கணக்கு இதைவிடச் சிக்கல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்த எண் பதிவானது டிசம்பர் 18 என்ற தேதியில். மழை பெரும்பாலும் கொட்டியதோ 17ஆம் தேதி. வானிலைத் துறைக் கணக்கில் ஒரு நாள் என்பது முந்தைய நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி அன்று காலை 8.30 மணிக்கு முடியும், முடிகிற நாளின் தேதியைத்தான் போடுவார்கள். துறைக்குள் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். மழையையும் ஆற்று நீர்வரத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்கிற மாணவருக்கு யார் சொல்வது? அவருடைய வரைபடத்தில் மழைக்கு முன்னாலேயே வெள்ளம் வந்துவிடும்.

அப்புறம் பூஜ்யம். மழை இல்லையென்றாலும் 0, அளவு வந்து சேரவில்லையென்றாலும் 0 என்று போடும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் கோடு, சிலவற்றில் வெற்றுக் கட்டம். மணிமுத்தாறு அணைக்கு நீர் தருகிற மலையில், மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளில் 0 என்றிருக்கும், அதே காலையில் மணிமுத்தாறு நீர்வரத்து ஏறியிருக்கும். அப்படி வந்தால் அந்த 0வை நான் நம்புவதில்லை, தனி நிறம் அடித்து வைத்துவிடுகிறேன். ஆனால் இந்த ஊகம் இந்த மலையைத் தெரிந்தவனுக்குத்தான் வரும். வேறு யாராவது சராசரி போட்டால் அந்த 0வும் மழையில்லாத நாளாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமானது. குண்டாறு, அடவிநயினார், ராமநதி, கடனாநதி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. அதற்கு முந்தைய 'திருநெல்வேலி மாவட்ட சராசரி மழை'யும் பிந்தையதும் ஒரே பெயரில் இருக்கிற இரண்டு வேறு நிலப்பரப்புகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ தென்காசி மாவட்டமே கிடையாது, தாலுகாக்களைக் கூட்டி நாமேதான் உண்டாக்க வேண்டும். எந்தத் தேதியில் எந்த எல்லை என்று கோப்பிலேயே எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் இருக்காது.

கோப்பு வடிவத்துக்கு வருகிறேன். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக ஏற்றுவதுதான் பல இடங்களில் பழக்கம். எக்செல்லில் அடித்ததை மறுபடி நான் எக்செல்லில் அடிக்கிறேன்! ஒரு அலுவலகத்தில் இதைக் கேட்டபோது அங்கிருந்தவர் சொன்னது: "எக்செல்லா கொடுத்தா எவனாவது எண்ணை மாத்திட்டு எங்க பேர்லயே சுத்த விட்ருவாம்லா அண்ணாச்சி." பயம் நியாயமானதுதான். அதற்குக் கையெழுத்திட்ட பிடிஎஃப்பும் இருக்கட்டும், பக்கத்திலேயே சிஎஸ்வியும் (எந்த மென்பொருளிலும் திறக்கிற எளிய அட்டவணைக் கோப்பு) இருக்கட்டும். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சிஎஸ்வி வந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் வருகின்றன, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக இருக்கும். யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான குறியாக்கமான யுடிஎஃப்-8இல் ஒழுங்காக உள்ள கோப்பையும் எக்செல்லில் நேரடியாக இரட்டைச் சொடுக்கினால் தமிழ் சிதையலாம், 'தரவை உள்ளிடு' வழியாகக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். தேதியை 2023-12-18 என்று வருஷம் முதலில் வருமாறு எழுதுகிறவர்களுக்குக் கோயில் கட்டலாம். 05/11 என்று எழுதினால் அது நவம்பரா மே மாதமா என்பதைக் கணினியின் அமைப்புதான் முடிவு செய்யும்.

ஊர்ப்பெயர் தனிக் கதை. புதூர், புதுக்குடி எத்தனை, மேல கீழ எத்தனை! ஒரே சேரன்மகாதேவிக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல். மத்திய அரசின் உள்ளாட்சி அமைப்புகள் கோப்பகம் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் இரண்டு துறைப் பட்டியல்களை நிமிஷத்தில் இணைத்துவிடலாம். பெயரை நம்பி இணைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: 2012 முதல் இயங்கும் டேட்டா டாட் கவ் டாட் இன் தளத்தில் 2017இல் வந்த அரசு திறந்த தரவு உரிமம் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். நான் எடுக்கும் தினசரிப் பட்டியல்களில் அப்படி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

மனுப் போடுகிறவர்களுக்கு ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் தேவையானது, 'தகவல் அறியும் உரிமை' என்பதற்கு விளக்கம் தரும் பிரிவு 2(j)-உம் பிரிவு 7(9)உம். கணினியில் இருக்கும் தகவலை ஃபிளாப்பி முதற்கொண்டு எந்த மின்னணு வடிவிலும் பெறலாம் என்கிறது முதலாவது. கேட்ட வடிவிலேயே சாதாரணமாகக் கொடுக்க வேண்டும், அலுவலக வளத்தை அளவுக்கு மீறி இழுத்தாலோ ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடு வந்தாலோ மட்டும் விலக்கு என்கிறது இரண்டாவது. 'எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக' என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். 'நகல் தேவை' என்று எழுதினால் காகிதம்தான் வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்றைய பட்டியலை இன்றே இறக்கி வையுங்கள். சில தளங்களில் நாளைய கோப்பு அதே பெயரில், அதே முகவரியில் ஏறும், இன்றையது காணாமல் போகும். இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் தேதி போட்டுத் தனி அடைவில் வைத்துவிட்டு, திருத்தங்களை நகலில் மட்டும் செய்யுங்கள். எந்த 0வை எதற்காகச் சந்தேகப்பட்டீர்கள் என்பதையும் அந்த நகலிலேயே ஒரு பத்தியில் எழுதி வையுங்கள், அடுத்தாற்போல் அந்தக் கோப்பை வாங்குகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.